பெருந்தொற்றுக் காலத்தில் கல்லூரி மாணவர்களுக்கு எப்படி மதிப்பெண் போட்டால் நியாயமாக இருக்கும்?

எல்லோருக்கும் ஒரே வினாத்தாள் கொடுத்தால் மட்டும் நியாயம் ஆகிவிடாது. ஒரே கைப்பேசியைத் தங்கையோடு பங்கு போட்டுக்கொண்டு, சிக்னலுக்காக மாடிப்படியில் உட்கார்ந்து தேர்வு எழுதுபவரையும் தனி அறையும் மடிக்கணினியும் உள்ளவரையும் ஒரே தராசில் வைத்தால், அளக்கப்படுவது படிப்பல்ல, வீட்டு வசதி.

2020-இல் கொரோனா பரவியபோது, அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் அந்தப் பருவத்துக்குத் தேர்ச்சி, தோல்வி என்று மட்டும் போட்டது. பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்கள், தேர்வில் தேறினால் போதும், தொற்றுக்கு முந்தைய சராசரிக்குக் கீழே மதிப்பெண் இறங்காது என்றன. எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. கஷ்டப்பட்டுப் படித்தவர் உயரவும் வழி இருக்கிறது. ஆனால் இப்போதுதான் சேர்ந்தவருக்கு முந்தைய சராசரி ஏது? அவருக்குத் தேர்ச்சி முறைதான் ஒத்துவரும். அப்புறம், கேமரா வைத்துக் கண்காணிப்பதைவிட, புத்தகத்தைப் பார்த்து எழுதும் கேள்விகளும் ஒரு நாள் அவகாசமும் கொடுக்கலாம்.