சீன மை ஓவியத்தில் இன்றைய நகரத்தை எப்படி வரைகிறார்கள்? அது மலைக்கும் மூங்கிலுக்கும் உரியதல்லவா?

இல்லை. மலையும் நீரும் அதன் பழைய பாடங்கள். நகரமும் இப்போது உள்ளே வந்துவிட்டது. சிரமம் தாளில்தான் இருக்கிறது. இந்த ஓவியத்துக்குப் பயன்படும் ஷுவான் தாள் மையை உடனே உறிஞ்சிக்கொள்ளும். விழுந்த கோட்டை அழிக்க முடியாது. மலைமுகட்டுக்கு அந்தக் கசிவு அழகு, கட்டடத்தின் நேர்க்கோட்டுக்கோ தொல்லை.

இதற்கு மிக அழகான வழி கண்டவர் வூ குவான்சுங் (1919–2010) என்பேன். பாரிஸில் படித்து 1950இல் சீனா திரும்பியவர். 1981இல் வரைந்த 'இரு தகைவிலான்கள்' (தகைவிலான் ஒரு சிறு பறவை) ஓவியத்தைப் பாருங்கள். தென்சீன வீட்டின் வெள்ளைச் சுவர் பெரும்பாலும் வரையாமல் விட்ட தாள்தான்! கூரைக்கும் வாசலுக்கும் சில கருங்கோடுகள், அவ்வளவே. பழைய ஓவியர்கள் மூடுபனிக்காக விட்ட வெற்றிடம் இங்கே சுவராகிவிடுகிறது.

ஷாங்காயைச் சேர்ந்த யாங் யோங்லியாங் தூரிகையையே விட்டுவிட்டு ஒளிப்படங்களைக் கணினியில் அடுக்குகிறார். தொலைவிலிருந்து பார்த்தால் சோங் அரச மரபுக் காலத்து (10–13ஆம் நூற்றாண்டு) மலைக்காட்சி; நெருங்கினால் அடுக்குமாடிகள், பாரந்தூக்கிகள், மின்கோபுரங்கள். மை இல்லாவிட்டாலும் இதையும் அந்த மரபிலேயே சேர்ப்பேன்: மலையின் அமைப்பும் பனியின் இடைவெளியும் அங்கிருந்து வந்தவை.