குள்ளர் நாடும் பலகை விரிசலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இத்தாலியப் பாதிரியார் மத்தேயோ ரிச்சி 1602ல் பெய்ஜிங்கில் அச்சிட்ட உலக வரைபடத்தை இணையத்தில் பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் குள்ளர் நாடு என்று ஒன்று இருக்கிறது. அவ்வளவு கணக்குப் பார்த்து வரைந்த படத்தில் சீனர்களின் கட்டுக்கதை எப்படி நுழைந்தது? இத்தகைய மர அச்சுப் பிரதிகளில் எது முந்தையது, எது பிந்தையது என்று எப்படிச் சொல்கிறார்கள்?

அருண்

அன்புள்ள அருண்,

அந்தக் குள்ளர்கள் சீனர்கள் அல்ல, ரிச்சியோடு கப்பலேறி வந்தவர்கள். படத்திலுள்ள குறிப்பைப் பாருங்கள். உயரம் ஓரடிக்குச் சற்று மேல். ஐந்து வயதில் பிள்ளை பெற்று எட்டு வயதில் கிழடாகிவிடுவார்கள். பறவைகள் தின்றுவிடும் என்று குகையில் ஒளிந்து வாழ்வார்கள். பருவம் வந்ததும் ஆட்டின் மேலேறிப் போய் அவற்றின் முட்டைகளை உடைப்பார்கள். கொக்குகளோடு பொருதும் குள்ளர்கள் ஹோமரிலேயே உண்டு. ஆட்டுச் சவாரியும் முட்டை வேட்டையும் ரோமானியரான பிளினி எழுதியவை.

சீனர்களுக்கும் ஷான்ஹாய்ஜிங் என்ற பழம்பெரும் தொகுப்பு இருந்தது. ஒற்றைக் கண்ணர், மார்பில் துளையுள்ளவர் எல்லாம் அதில் வருகிறார்கள். அதைப் படித்து வளர்ந்தவர்களுக்கு ரிச்சியின் குள்ளர்கள் அந்நியமாகத் தோன்றியிருக்க மாட்டார்கள். 1644ல் நான்ஜிங்கில் வெளியான சாவ் ஜுன்யீயின் வரைபடத்தில் சீனாவே நடுப்பகுதி முழுவதையும் அடைத்துக்கொள்கிறது; ரிச்சி காட்டிய தொலைநாடுகளும் ஷான்ஹாய்ஜிங் நாடுகளும் ஓரங்களில் அக்கம்பக்கமாக நிற்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த படம் அது.

இனி இரண்டாவது கேள்வி. பேரி மரம் போன்ற நெருக்கமான இழையுள்ள மரத்தை நீளவாக்கில் அறுத்துப் பலகையாக்குவார்கள். மெல்லிய தாளில் எழுதியதைக் குப்புற ஒட்டி, தாளைத் தேய்த்தெடுத்து, மை படிந்த கோடுகளை விட்டுவிட்டு மற்றதைச் செதுக்குவார்கள். அச்சு இயந்திரம் கிடையாது. மை தடவி, தாளை விரித்து, காய்ந்த தூரிகையால் மேலே தேய்ப்பதுதான். பலகையைப் பத்திரப்படுத்தி, வேண்டும்போது மறுபடி அச்சிடுவார்கள். நாளாக நாளாக இழையோட்டத்தில் விரிசல் விடும்; தாளில் அது எழுத்துகளைக் குறுக்கே வெட்டும் வெள்ளைக் கோடாக விழும். முதலில் படத்தைச் சுற்றியுள்ள சட்டக் கோட்டைப் பாருங்கள், உடைப்பு அங்கேதான் பளிச்சென்று தெரியும். இரண்டு பிரதிகளில் ஒரே இடத்தில் உடைப்பு இருந்தால் பலகை ஒன்று. உடைப்பு நீண்டிருப்பது பிந்தைய பிரதி. எழுத்தின் வளைவே வேறாக இருந்தால் பலகை வேறு. ரிச்சியின் படத்துக்கே, செதுக்கியவர்கள் ரகசியமாக இன்னொரு பலகைத் தொகுதி செய்து விற்றார்கள்.

தலைப்பிலுள்ள ஆண்டை மட்டும் நம்பக் கூடாது. பலகையில் ஓர் எழுத்தைத் தோண்டியெடுத்து, மரத்துண்டைச் செருகிப் புதிதாகச் செதுக்குவது வழக்கம். அப்படிச் செருகிய எழுத்து சில சமயம் லேசாகச் சாய்ந்திருக்கும், மையும் சற்று அழுத்தமாக விழும். சீனாவின் யோங்ஜெங் பேரரசரின் இயற்பெயர் ஒலியைத் தவிர்க்க 1723ல் ஜென்டிங் நகரம் ஜெங்டிங் ஆனது. புதிய பெயர் இருந்தால் அந்தத் தாள் அதற்கு முன் அச்சாகியிருக்க முடியாது. பழைய பெயர் இருந்தால் ஒன்றும் முடிவாகாது. திருத்தாத பலகையில் பிறகும் அச்சிட்டிருக்கலாம்.