ரேஸ் காரில் இருப்பதெல்லாம் நம் காருக்கு வருமா?

ஃபார்முலா ஒன்னில் கண்டுபிடிப்பதுதான் பிறகு சாதாரண காருக்கு வருகிறது என்கிறார்களே, உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி உண்மை, மீதி விளம்பரம்.

வந்ததற்கு நல்ல சாட்சி, ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் பேடில் ஷிஃப்டர், அதாவது விரலால் தட்டி கியர் மாற்றும் சின்னத் தகடு. 1989இல் ஃபெராரி 640 பந்தயக் காரில் வந்தது. கியர்பாக்ஸ் பாதியில் காலை வாரிவிடும் என்ற பயத்தோடுதான் பிரேசிலில் இறங்கினார்கள். ஓட்டிய நைஜல் மேன்செல் அந்தக் காரின் முதல் பந்தயத்திலேயே ஜெயித்துவிட்டார். 1997இல் அது எஃப்355 சாலைக் காருக்கு வந்தது. இன்று நம் ஊர் ஆட்டோமேட்டிக் கார்கள் பலவற்றிலும் இருக்கிறது. நகரத்தில் அதைத் தொடக்கூட மாட்டோம். ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது இடது பேடிலை ஒரு தட்டு தட்டிப் பாருங்கள்: மூன்றாம் கியர் இரண்டுக்கு வரும், எஞ்சின் உறுமிக்கொண்டே வண்டியின் வேகத்தை இழுத்துப் பிடிக்கும். பிரேக் கருகும் வாடை வராது.

டிஸ்க் பிரேக்கும் பந்தயத்தால் பெயர் வாங்கியதுதான், ஆனால் அந்தப் பந்தயம் ஃபார்முலா ஒன் அல்ல. 1953இல் பிரான்ஸின் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜாகுவார் சி-டைப் கார் அதை வைத்து ஜெயித்தது.

பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் கதை தலைகீழ். பிரேக் போடும்போது மின்சாரம் சேமிக்கும் டொயோட்டா ப்ரியஸ் 1997லேயே ஜப்பானில் விற்பனைக்கு வந்துவிட்டது. ஃபார்முலா ஒன்னுக்கு அந்த வித்தை வந்தது 2009இல்.

அப்புறம், ஃபார்முலா ஒன்னின் கார்பன் பிரேக் நமக்கு வரவே வராது. சில நூறு டிகிரி சூடேறினால்தான் அது ஒழுங்காகப் பிடிக்கும். காலையில் பால் வாங்கக் கிளம்பினால் முதல் திருப்பத்திலேயே பக்கத்து வீட்டுச் சுவரில்தான் நிற்போம்.