ஓய்வு சோம்பேறித்தனமா? – கடிதம்

ஐயா,

ராணுவ வீரர்களின் உடல்தகுதி, களைப்பு நீக்கம் பற்றிய ஆராய்ச்சிகளைக் குறித்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் தம்பி அக்னிவீர் தேர்வுக்குத் தயாராகிறான். காலையில் மெரினாவில் எட்டு கிலோமீட்டர், சாயங்காலம் பெரம்பூர் கிரவுண்டில் இன்னொரு எட்டு. முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலி என்கிறான். அப்பா மெட்ராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். "ஓய்வு கேட்பவன் சோம்பேறி, எங்க காலத்தில் எந்த விஞ்ஞானம் இருந்தது?" என்கிறார். தம்பியோ ரீல்ஸ் பார்த்துவிட்டு ஐஸ் தண்ணீரில் கால் வைக்கிறான். இந்த ஆராய்ச்சியெல்லாம் பணக்கார நாட்டு ராணுவத்துக்குத்தானே? எங்களுக்கு என்ன பயன்?

கவிதா, பெரம்பூர்

அன்புள்ள கவிதா,

அப்பா சொல்வதிலிருந்தே தொடங்குகிறேன். அவர் காலத்துக்கு ரொம்ப முன்பே இந்த விஞ்ஞானம் ராணுவத்துக்குள் வந்துவிட்டது. நீண்ட நடைக்குப் பின் சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதை 1855-இல் பதிவு செய்தவர் பிரைட்ஹாப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர். எக்ஸ்ரே வந்த பிறகுதான் அது எலும்பில் விழுந்த விரிசல் என்று தெரிந்தது. "எங்க காலத்தில்" என்று பேசுகிறவர்கள் எல்லோருமே பயிற்சியைத் தாங்கி நின்றவர்கள். காலொடிந்து பாதியில் ஊர் திரும்பியவர்கள் அந்தக் கதையைச் சொல்ல வருவதில்லை. ராணுவ ஆய்வாளர்கள் செய்த பெரிய வேலையே அவர்களையும் சேர்த்து எண்ணியதுதான்.

அப்படி எண்ணியபோது என்ன தெரிந்தது? 1990-களில் அமெரிக்க மரைன் படையில் புதிதாகச் சேர்ந்தவர்களின் 12 வாரப் பயிற்சியில், ஓடும் தூரத்தை மொத்தம் 55 மைலிலிருந்து 33 மைலாகக் குறைத்துப் பார்த்தார்கள். எலும்பு விரிசல்கள் பாதிக்கு மேல் குறைந்தன. கடைசியில் நடக்கும் 3 மைல் ஓட்டத்தில் சராசரி நேரம் கொஞ்சம்தான் கூடியது. அணிவகுப்பும் சுமைநடையும் தனிக்கணக்கு, சரி. ஆனாலும் 33 மைல் என்பது சுமார் 53 கிலோமீட்டர். உங்கள் தம்பி அதை நாலே நாளில் ஓடிவிடுகிறார். அவருடைய தேர்வில் ஓட வேண்டியதோ 1.6 கிலோமீட்டர்!

எலும்பு ஏன் இப்படிச் செய்கிறது? புதிய சுமை வந்ததும் அது உடனே கெட்டியாகிவிடுவதில்லை. முதலில் பழைய பகுதியை அரித்து எடுக்கும், அப்புறம்தான் புதியதை வைக்கும். நம் ஊரில் புதுத் தார் போடுவதற்கு முன் பழைய சாலையைச் சுரண்டிப் போட்டிருப்பார்களே, அந்த இடைவெளியில் லாரி விட்டால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும். பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் மூச்சும் தசையும் வேகமாகத் தேறிவிடும், எலும்பு பின்தங்கியிருக்கும். "இப்போதான் நல்லா ஓட வருது" என்று பையன்கள் தூரத்தைக் கூட்டுவதும் சரியாக அந்தச் சமயத்தில்தான்.

ஓடுவதற்கு முன் கால்களை இழுத்து நீட்டினால் அடிபடாது என்று எல்லா கிரவுண்டிலும் சொல்வார்கள். ஆஸ்திரேலிய ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1,538 பேரிடம் இதைச் சோதித்து 2000-இல் வெளியிட்டார்கள். நீட்டியவர்களுக்கும் நீட்டாதவர்களுக்கும் காயத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. சேரும்போதே உடல்தகுதி குறைவாக இருந்தவர்கள்தான் அதிகம் அடிபட்டார்கள். அதாவது, நிதானமாக, மாதக்கணக்கில் தயாராவதற்கு ஈடு கிடையாது.

பணக்கார நாட்டு விஷயம் என்றீர்கள். சென்னைக்கு நேராகப் பொருந்துகிற ஒன்றைச் சொல்கிறேன். 1950-களில் தெற்கு கரோலினாவின் பாரிஸ் தீவில் இருக்கும் மரைன் பயிற்சி முகாமில் வெயிலில் பையன்கள் சுருண்டு விழுந்தார்கள். அதுவும் நம் ஊர் மாதிரி கடலோரப் புழுக்கம். வெறும் வெப்பநிலை போதாது என்று அங்கே ஒரு புதிய அளவீட்டைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். காற்றின் ஈரத்தையும் காட்டிவிடும், ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு 70 சதவீதப் பங்கு, வெயிலில் வைத்த கறுப்பு உருண்டைக்கு 20, நிழல் வெப்பத்துக்கு வெறும் 10. நம் தொலைக்காட்சிகள் கூவிக்கூவிச் சொல்லும் "இன்று 40 டிகிரி"க்கு இதில் கிடைப்பது அந்தப் பத்துதான். மெரினாவில் விடியற்காலையில் வெயில் இல்லை, உண்மை. ஆனால் ஈரம் உச்சத்தில் இருக்கும். வியர்வை ஆவியாகாமல் வழிந்துகொண்டே இருந்தால் உடம்பு குளிராது. மே மாதத்தில் அங்கே ஓடி முடிக்கும் நேரம் கூடினால் தம்பி மனம் உடைய வேண்டியதில்லை. புழுக்கத்துக்கு உடம்பு பழகப் பத்துப் பதினாலு நாள் ஆகும், அதுவரை வேகத்தைக் குறைக்க வேண்டும்.

ஐஸ் தண்ணீர் வலியைக் கொஞ்சம் மறக்கடிக்கும், அவ்வளவுதான். எடைப் பயிற்சி முடிந்ததும் தினமும் அதில் இறங்கினால் தசை வளர்ச்சி மட்டுப்படும் என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் ஓடும்போது ஒருவர் வெப்பத்தாக்கில் நிலைதடுமாறி விழுந்தால் அதே ஐஸ் தண்ணீர்தான் உயிர் காக்கும். முதலில் குளிரவைக்க வேண்டும், பிறகுதான் ஆம்புலன்ஸ். கிரவுண்டு கோச்சுகள் இதைத் தெரிந்துவைத்திருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

அமெரிக்கத் தரைப்படை 2020-இல் வெளியிட்ட உடல்தகுதிக் கையேடு உடற்பயிற்சி, உணவு, மனம், ஆன்மிகம் ஆகியவற்றோடு தூக்கத்தையும் ஒரு தனி அங்கமாக வைத்திருக்கிறது. அந்த ரீல்ஸை எத்தனை மணிக்குப் பார்க்கிறார் என்று தம்பியிடம் விசாரியுங்கள்.

இப்போதைக்கு அவசரமானது அந்த வலி. எலும்பின் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் ஓட்டத்தைக் குறைத்தாலே பெரும்பாலும் அடங்கும். ஒரு விரல் வைத்துக் காட்டும் அளவுக்கு ஒரே இடத்தில் வலித்தால், நடக்கும்போதோ ராத்திரியிலோ வலித்தால், ஓட்டத்தை இன்றே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் போகட்டும். முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமல் போகலாம். அதனால் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று மறுநாளே மெரினாவுக்குப் போய்விடக் கூடாது, எம்.ஆர்.ஐ. வேண்டுமா என்று கேட்க வேண்டும். மருத்துவர் அனுமதித்தால் கால் ஆறும்வரை சைக்கிளும் நீச்சலும் மூச்சைக் காப்பாற்றித் தரும். தேர்வு எப்போது என்று நீங்கள் எழுதவில்லை. நாள் நெருங்கிவிட்டது என்றால், இந்த முறை விட்டுவிட்டு வயது வரம்புக்குள் அடுத்த முறைக்குப் போகலாமா என்பதை அப்பாவையும் உட்காரவைத்துப் பேசுங்கள்.