பேஸ்மேக்கர் எத்தனை பேருக்கு இருக்கிறது?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 76. சமீபத்தில் இரண்டு முறை மயங்கி விழுந்துவிட்டார். இ.சி.ஜி. பார்த்த டாக்டர், ‘முழுமையான ஹார்ட் பிளாக், பேஸ்மேக்கர் வைத்தே ஆகவேண்டும்’ என்கிறார். எங்கள் சொந்தத்தில் யாருக்கும் இது வைத்ததில்லை. ஒரு நாட்டில் எத்தனை பேருக்குத்தான் இதை வைக்கிறார்கள்? அபூர்வமான சிகிச்சையோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படாதீர்கள், இது அபூர்வமே இல்லை. பேஸ்மேக்கர் என்பது, மின்துடிப்பு கொடுத்து இதயத்தைச் சீராகத் துடிக்க வைக்கும் சிறிய கருவி. 2009-ல் 61 நாடுகளில் எடுத்த கணக்கெடுப்பின்படி, அந்த ஒரே ஆண்டில் சுமார் 10 லட்சம் பேஸ்மேக்கர்கள் பொருத்தப்பட்டன. அவற்றில் ஏறக்குறைய 7.4 லட்சம் முதன்முறையாக வைத்தவை. மற்றவை பழைய கருவிக்குப் பதிலாக மாற்றி வைத்தவை. எண்ணிக்கையில் அமெரிக்கா முதலிடம். மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் ஜெர்மனிதான் முன்னே நின்றது: 10 லட்சம் பேருக்கு 927 புதிய பேஸ்மேக்கர்கள், அதாவது கிட்டத்தட்ட ஆயிரம் பேரில் ஒருவருக்கு, ஓர் ஆண்டில் மட்டும். ஒருமுறை வைத்தால் பல வருடங்கள் உடம்பில் இருக்கும் கருவி இது. அதனால் பேஸ்மேக்கரோடு நடமாடுகிறவர்களின் மொத்தக் கணக்கு இதைப்போலப் பல மடங்கு வரும்.

நாட்டுக்கு நாடு இந்த எண்ணிக்கை மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடுகிறது. பேஸ்மேக்கர் தேவைப்படுகிறவர்களில் பெரும்பாலோர் 65 வயதைத் தாண்டியவர்கள் என்பதால், முதியோர் அதிகமுள்ள நாட்டில் எண்ணிக்கை கூடும். ஆனால், எண்ணிக்கை குறைந்த நாட்டில் இதயங்கள் எல்லாம் சீராகத் துடிக்கின்றன என்று நினைத்துவிட வேண்டாம். மயங்கி விழும் முதியவரை ‘வயசாயிடுச்சு’ என்று வீட்டிலேயே படுக்க வைத்துவிட்டால், ஒரு இ.சி.ஜி.கூட எடுக்காமல், அவர் எந்தக் கணக்கிலும் வராமலேயே போய்விடுவார். என்னை மிகவும் வருத்துவது இதுதான். நீங்கள் அப்பாவை அழைத்துப்போனீர்கள், நல்ல காரியம் செய்தீர்கள்.

சொந்தத்தில் யாருக்கும் இல்லை என்கிறீர்கள். இருந்தாலும் உங்களுக்குத் தெரிந்திருக்காது. காலர் எலும்புக்குக் கீழே இரண்டு அங்குலத் தழும்பு, தோலுக்கடியில் லேசான மேடு, அவ்வளவுதான். எடை 20 முதல் 30 கிராம். சட்டை போட்டால் வெளியே தெரியாது.

முழுமையான ஹார்ட் பிளாக்கில், மேலறையில் பிறக்கும் மின்துடிப்பு கீழறைக்குப் போய்ச் சேர்வதே இல்லை. கீழறை தானாக நிமிடத்துக்கு 30, 40 முறை என்று மெதுவாகத் துடிக்கும். மூளைக்கு ரத்தம் போதாமல் மயக்கம் வரும். சில ரத்த அழுத்த மாத்திரைகளாலும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுவதாலும் இப்படி ஆகலாம். அதை உங்கள் டாக்டர் பார்த்துவிட்டாரா என்று கேளுங்கள். அந்தக் காரணங்கள் இல்லையென்றால், இதை நிரந்தரமாகச் சரிசெய்ய மாத்திரை கிடையாது. பேஸ்மேக்கர்தான் வழி. பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள்.

தள்ளிப்போடாதீர்கள். இன்னொரு முறை மயங்கினால் உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள். கருவி வைக்கும்வரை அவர் வண்டி ஓட்டக் கூடாது, குளியலறைக் கதவை உள்ளே தாழிடவும் கூடாது.