வீட்டை அடகு வைக்க வேண்டாம் அம்மா

மகளின் படிப்பு பற்றி என்னிடம் ஆலோசனை கேட்க வந்த அந்த அம்மாவுக்கு, இரண்டாவது முறையும் மருத்துவப் படிப்பில் இடம் கிடைக்கவில்லை என்று சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. "வெளிநாட்டுக் கல்லூரியில் பணம் கட்டினால் இடம் உண்டாம். வீட்டை அடகு வைத்தாவது சேர்த்துவிடு என்கிறார் இவள் பெரியப்பா." மகள் வாயே திறக்கவில்லை. தனியாகக் கேட்டபோதுதான் பையிலிருந்து ஒரு அதிமதுரத் துண்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். "இதைத் தொட்டியில நட்டுப் பார்த்தேன், அழுகிப்போச்சு. ஏன் முளைக்கல?"

அம்மா, உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டை அடகு வைக்காதீர்கள். டாக்டர் ஆக வேண்டும் என்று அவள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அவள் கேட்காத படிப்புக்குக் கடன்பட்டால், அந்தக் கடனை அவள் தலையிலும் சேர்த்தே ஏற்றுகிறீர்கள். பொறியியல், கணினி பற்றியெல்லாம் ஏற்கெனவே பத்துப் பேர் சொல்லியிருப்பார்கள். நான் அவள் கேட்ட கேள்விக்கே வருகிறேன்.

கடையில் கிடைப்பது உலர்ந்து உயிர் போன வேர். நடுவதற்குப் பச்சையான நிலத்தடித் தண்டு வேண்டும். ஒரு சாண் நீளம், இரண்டு மூன்று மொட்டு. மண்ணில் நீர் தேங்கக் கூடாது. விதை என்றால் தோல் கெட்டி, உரசிவிட்டால்தான் சீராக முளைக்கும். முதல் வருடம் செடி மெதுவாகத்தான் வளரும், களையெடுத்து மாளாது. வேர் விற்பனைக்குத் தேற மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும்.

அவ்வளவு காலம் காத்திராமல் மத்திய ஆசியாவிலும் சீனாவிலும் தானாக வளர்ந்த செடிகளைக் காலங்காலமாகத் தோண்டி எடுத்தார்கள். மணலைப் பிடித்திருந்த வேர் போனதும் மண்ணைக் காற்று அள்ளிப் போனது. 2000-ஆம் ஆண்டில் சீன அரசே இந்தத் தோண்டலுக்குக் கட்டுப்பாடு விதித்தது. இன்னொரு பக்கம், உஸ்பெகிஸ்தானில் உப்புப் பூத்துக் கைவிடப்பட்ட நிலத்தில் நான்கு ஆண்டுகள் அதிமதுரம் பயிரிட்டார்கள். அதே நிலத்தில் பிறகு கோதுமையும் பருத்தியும் முன்னைவிட நன்றாக விளைந்தன. எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

சிக்கல் எங்கே என்றால், பயிரிட்ட வேரில் மருந்துச் சத்தான கிளிசிரைசின் பல நேரம் குறைவாக இருக்கிறது. சீனாவின் மருந்துத் தர நூல் குறைந்தது 2 சதவீதம் கேட்கிறது. அளவு கூடினாலும் ஆபத்துதான்: நிறையச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், உடலில் பொட்டாசியம் இறங்கும். ஆகவே நல்ல தாய்ச்செடியைத் தேர்ந்தெடுக்க, எந்த வயதில் வேரை எடுப்பது என்று கண்டறிய, ஆய்வகத்தில் அளந்து சொல்ல ஆள் வேண்டும். மருந்து நிறுவனங்களுக்கு வேர் எந்த வயலிலிருந்து வந்தது என்று கையெழுத்துப் போட்டுச் சொல்பவரும் வேண்டும். வேளாண்மையோ மருந்தாக்கவியலோ (பார்மசி) படித்து, மேற்படிப்பில் மூலிகைப் பக்கம் திரும்பினால் உங்கள் மகள் இந்த வேலைகளுக்குப் போகலாம்.

கல்லூரி பார்க்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். மூலிகைத் தோட்டம் எங்கே, மாணவர்கள் அங்கே வாரம் எத்தனை மணி நேரம் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். படிப்பு முடிந்த கையோடு நிலம் வாங்கிப் பயிரிடலாம் என்று யாராவது கிளப்பினால் அதற்கும் என் பதில் வேண்டாம் என்பதுதான். மூன்று வருடம் வருமானமில்லாமல் தாங்க உங்களால் முடியாது. முதலில் சம்பளத்துக்கு வேலை பார்க்கட்டும்.

பணம் கட்ட இந்த வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள் என்றீர்கள். கட்டாதீர்கள். பெரியப்பாவை அழைத்து வாருங்கள், நான் பேசுகிறேன். அவளிடம் அந்தத் தொட்டியைத் தூக்கிப்போட வேண்டாம் என்று சொல்லுங்கள். பச்சைத் தண்டு கிடைக்கும் நாற்றங்கால் ஒன்றை விசாரித்துச் சொல்கிறேன்.