வீடு மாறியதும் சுருங்கிய பவளம்: நாலு போத்தல் வாங்க வேண்டுமா?

கேள்வி: கல்முனையில் இருந்து கல்லடிக்கு வீடு மாறி ஒரு கிழமைக்கு மேலாகிறது. மூன்றடிக் கடல்நீர்த் தொட்டியையும் லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பெரிய லெதர் கோரல் (தோல் மாதிரியான மென்பவளம்) அன்றைக்குச் சுருங்கியது இன்னும் விரியவில்லை. மேலே பளபளவென்று ஒரு படலம். பொத்தான் மாதிரிக் கூட்டமாக வளரும் சோவாந்தஸ் பவளமும் பாதி மூடிக் கிடக்கிறது. கடையில் அயடீன், அமினோ அமிலம், பவளத் தீன், பக்டீரியா என நாலு போத்தலையும் சேர்த்து எடுக்கச் சொல்கிறார்கள். விலை கொஞ்சநஞ்சமல்ல. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் லெதர் கோரல் சாகவில்லை, தோல் உரிக்கப் போகிறது. இடமோ வெளிச்சமோ நீரோட்டமோ மாறினால் இந்த இனம் பூப்போல விரியும் சிறு உடல்களை உள்ளே இழுத்துக்கொண்டு மேலே ஒரு மெழுகுப் படலத்தை விடும். சில நாளில், சிலவேளை இரண்டு கிழமைக்கு மேலும் எடுத்து, அது ஓரத்தில் கிழிந்து வெங்காயச் சருகு மாதிரி மிதந்து போகும். அப்புறம்தான் பவளம் விரியும். படலத்தை விரலால் உரிக்காதீர்கள், நீரோட்டமே அதைக் கொண்டுபோகும். பவர்ஹெட்டை (நீரோட்டம் தரும் சின்னப் பம்பை) நேரே பவளத்தின் மேல் பிடிக்காமல், கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஓட்டம் அதைத் தடவிப் போகிற மாதிரித் திருப்பி வையுங்கள்.

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. அடித்தண்டு கபில நிறமாகிக் கூழாகக் கரைந்து, மூடியைத் திறந்ததும் அழுகல் மணம் வந்தால், பவளத்தை வெளியே எடுத்து, புது பிளேட்டால் நல்ல சதை தெரியும்வரை வெட்டிவிட வேண்டும்.

இனிப் போத்தல்களுக்கு வருவோம். அயடீன் கூடினால் நஞ்சு. அளந்து பார்க்காமல் ஊற்றவே கூடாது. தீனும் அமினோ அமிலமும் இப்போது வீண். இந்தப் பவளங்களுக்குச் சாப்பாட்டில் பெரும்பங்கு உடம்புக்குள் வாழும் நுண்பாசி வெளிச்சத்தில் செய்து கொடுப்பது. மூடிக் கிடக்கும் பவளம் தீன் எடுக்காது, எடுக்காத தீன் தொட்டியில் அழுகும். நாலில் கொஞ்சமாவது நியாயம் உள்ளது பக்டீரியாப் போத்தல்தான், அதுவும் கழிவில் இருந்து வரும் நஞ்சான அமோனியா தண்ணீரில் இருந்தால் மட்டும். வெயில் படும் தட்டில் மாதக்கணக்கில் இருந்த போத்தல் என்றால் அதுவும் வேண்டாம்.

அந்தக் காசுக்கு முதலில் ஓர் அமோனியா டெஸ்ட் கிட் வாங்குங்கள். தொட்டியை இறக்கி ஏற்றும்போது அடிமணல் கலங்கும், காய்ந்துபோன கல்லில் அமோனியாவைத் தின்னும் நல்ல பக்டீரியா செத்துவிடும்; அமோனியா ஏறுவது அதனால்தான். அளவு பூச்சியமாக இருக்க வேண்டும். நிறம் மாறினால் கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீரின் உப்பும் சூடும் தொட்டியில் இருப்பதோடு ஒத்திருக்கட்டும்.

அடுத்தது தண்ணீரின் உப்பை அளக்கும் ரிஃப்ரக்டோமீற்றர். ஊசி ஆடும் பிளாஸ்டிக் கருவி மலிவுதான், ஆனால் ஊசியில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலே பொய் சொல்லும். ரிஃப்ரக்டோமீற்றரை 35 என்று குறித்த சோதனைக் கரைசலையும் சேர்த்து வாங்கிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தொட்டியிலும் அதே 35 தான் வேண்டும், அதாவது ஆயிரம் பங்கில் 35 பங்கு உப்பு. நம் பக்கம் கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் தொட்டித் தண்ணீர் மளமளவென்று வற்றும், உப்பு வற்றாது. குறைந்த அளவுக்கு நன்னீர்தான் விட வேண்டும், கடல்நீர் அல்ல. குழாய்த் தண்ணீரில் குளோரின், கிணற்றில் என்னென்னவோ, அதனால் உப்பும் தாதும் வடித்தெடுத்த ஆர்.ஓ. தண்ணீர் எடுங்கள். குடிக்க விற்கும் தண்ணீரில் சிலர் தாதுப்பு சேர்ப்பார்கள், கரைந்த தாதுக்களை அளக்கும் ரீ.டி.எஸ். மீற்றரில் பூச்சியத்துக்குக் கிட்ட காட்டுகிறதா என்று பாருங்கள். தண்ணீர் மாற்றுவதற்கு, கடல் பக்கத்தில்தானே என்று மாரியில் கல்லடிக் கரையில் வாளி போடாதீர்கள். முகத்துவாரத்தால் வெள்ளம் இறங்கும் காலம் அது.

மூன்றாவது காபன், அதாவது தண்ணீரில் உள்ள வேண்டாத இரசாயனங்களை உறிஞ்சும் கரி. மென்பவளங்கள் நொந்தால் ஒன்றையொன்று தாக்கும் இரசாயனங்களைத் தண்ணீரில் விடும். உங்கள் சோவாந்தஸ் மூடிக் கிடப்பதற்கு அதுவும் காரணமாகலாம். ஒரு பை காபனைக் கழுவி ஃபில்டரில் போட்டால் போதும்.

காசில்லாத வேலையும் ஒன்று உண்டு: விளக்கைப் பாதியாகக் குறைத்து, இரண்டு மூன்று கிழமையில் மெல்ல மெல்லக் கூட்டுங்கள். தினமும் இடம் மாற்றிப் பார்க்கும் ஆசையையும் அடக்குங்கள். பவளத்துக்கு அதைவிடப் பெரிய தொல்லை இல்லை.

சோவாந்தஸ் இருக்கும் கல்லைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், கொதிநீரில் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். சில இனங்களில் பாலிடொக்ஸின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. ஆவியாக மூச்சில் போனால் ஆஸ்பத்திரிதான்.

எதை வாங்கினாலும் பில் கேளுங்கள். கேட்டால் கொடுப்பது கடைக்காரரின் சட்டக் கடமை. திகதி முடிந்த போத்தலை விற்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையை 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

கேள்வி: லெதர் கோரல் செத்துப்போனால் பாசிக்குடாவில் இருந்து ஒரு துண்டு எடுத்து வைக்கலாமா?

பதில்: கூடாது. கல்பவளங்கள் வனசீவராசிகள் பாதுகாப்புச் சட்டத்தில் காக்கப்பட்டவை. தண்ணீருக்குள் எது கல், எது மென் என்று பிரிக்கப் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். தொட்டியில் வளர்த்தவரிடம் ஒரு வெட்டுத்துண்டு கேளுங்கள். லெதர் கோரலை வெட்டி வளர்ப்பது சுலபம், பெரிதாக வைத்திருப்பவர் பெரும்பாலும் தருவார். அதுவும் உங்கள் தொட்டியில் ஒரு மாதமாவது அமோனியா தலைகாட்டாமல் இருந்த பிறகுதான்.